பகலில் தூங்கும் பூனையை எழுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி தன் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டிருந்தார். பகல் முழுக்கத் தூங்குகிறது, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து கதவைப் பிராண்டிக் கத்தி வீட்டையே எழுப்பிவிடுகிறது, என்ன செய்யலாம் என்பது அவர் கேள்வி. "பகலில் தூங்க விடாமல் அவ்வப்போது எழுப்பிவிடுங்கள், இரவில் தானாகத் தூங்கிவிடும்" என்று பதில் வந்திருந்தது. இருபது வருடங்களுக்கு மேலாகப் பூனைகளோடு வாழ்ந்து வருகிறேன். அந்தப் பதிலைப் படித்ததும் மனது கேட்கவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பூனைகளை இந்நேரம் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பூனை அதிகமாகத் தூங்குகிறது என்பதே சரியான பேச்சு இல்லை. வளர்ந்த பூனை ஒன்று நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். குட்டிகளும் வயதான பூனைகளும் 20 மணி நேரம் வரைகூடத் தூங்கும். அதன் உடம்புக்கு அதுதான் கணக்கு. மாடு நாள் முழுக்க மேய்ந்தும் அசைபோட்டும்தான் வயிற்றை நிரப்ப வேண்டும். அதனால் அது நாளுக்கு நான்கு மணி நேரம் போலத்தான் தூங்குகிறது. பூனையின் பிழைப்பு வேறு. பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் இரையைப் பிடிப்பது அதன் வழி. ஒரு எலி ஒரு நாளைக்குப் போதாது, பல முறை வேட்டையாட வேண்டும், பாய்கிற ஒவ்வொரு முறையும் பிடிபடும் என்பதும் இல்லை. அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய பலத்தைச் சேர்த்து வைப்பதற்குத்தான் நடுவில் இத்தனை ஓய்வு. தட்டில் சோறு தயாராக இருக்கிறது என்பதற்காக உடம்பு தன் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை.

இரண்டாவது, பூனையை இரவில் விழித்திருக்கும் பிராணி என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. அது கருக்கல் நேரத்துப் பிராணி. விடிவதற்குச் சற்று முன்னாலும் அந்தி சாய்ந்த பிறகும்தான் அதற்குச் சுறுசுறுப்பு உச்சத்தில் இருக்கும். அது தேடுகிற சிறு இரைகளில் பல நடமாடுவதும் அந்த நேரங்களில்தான். அப்படியானால் நான்கு மணிக்கு எழுந்து கத்துகிற பூனை பகல் தூக்கம் அதிகமானதால் கத்தவில்லை. அதன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் எழுப்பிவிடுகிறது. பகலில் எவ்வளவு களைக்க வைத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.

இதை நான் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் கருப்பி என்று ஒரு பூனை எங்களிடம் இருந்தது. இதே தொல்லை, இதே யோசனையை அப்போதும் ஒருவர் சொன்னார். ஒரு வாரம், கண்ணில் படும்போதெல்லாம் கருப்பியை எழுப்பினோம். மூன்றாவது நாளே அது எங்கள் கைக்கு எட்டாத அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. மடியில் வந்து படுப்பது நின்றுபோனது. காலடிச் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப்போட்டதுபோல எழுந்து ஓடும். நான்கு மணிக் கத்தல் மட்டும் அப்படியே இருந்தது. அது பழையபடி மடிக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பூனையின் தூக்கம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்று பழமொழி சொல்கிறோம். பூனையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணை மூடியிருக்கும்போதும் அதன் காதுகள் விழித்திருக்கின்றன. நான்கு காலையும் மடித்து உடம்புக்குக் கீழே வைத்து, தலையைத் தொங்கவிடாமல் உட்கார்ந்திருக்கிறதே, அது கோழித்தூக்கம். அடுத்த அறையில் ஒரு மூடி விழுந்தால் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், கண் திறக்காது. பூனைத் தூக்கத்தின் பெரும்பகுதி இந்த வகைதான். அப்புறம் மெல்லத் தலை சாயும், உடம்பு சுருளும் அல்லது நீண்டு விரியும், கழுத்துத் தசை தளரும். சில நிமிடங்களுக்கு மீசை துடிக்கும், பாதங்கள் வெட்டி வெட்டி இழுக்கும், மூடிய இமைக்குள் கண் உருளும். இது நாம் கனவு காண்கிற அதே வகைத் தூக்கம்.

மனிதர்களுக்குத் தங்கள் கனவுத் தூக்கத்தைப் பற்றித் தெரிந்ததில் கணிசமான பங்கு பூனைகளிடமிருந்து வந்தது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே என்ற ஆய்வாளர் 1959-இல் பூனைகளின் இந்தத் தூக்கத்துக்கு 'முரண் தூக்கம்' என்று பெயர் வைத்தார். மூளை விழித்திருப்பதைப்போல வேலை செய்கிறது, உடம்போ முற்றிலும் துவண்டு கிடக்கிறது, அதனால் அந்தப் பெயர். உடம்பைத் துவள வைக்கும் மூளைத்தண்டுப் பகுதியைச் சேதப்படுத்தியபோது அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கிப் பார்த்தன, பாய்ந்தன, அடித்தன. அந்தச் சோதனைகளைப் பற்றிப் படிக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சோபாவில் பாதம் துடிக்கப் படுத்திருக்கும் பூனையை அதற்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. அந்த நேரத்தில் தொட்டு எழுப்பினால் சில பூனைகள் கடித்துவிடும், பிராண்டிவிடும். கோபத்தினால் இல்லை, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு நொடித் திகைப்பு அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும்.

சரி, நான்கு மணிக் கத்தலுக்கு என்ன வழி? தூக்கத்தைக் குறைக்க முடியாது, அதன் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம். பூனையின் நாளில் ஒரு வரிசை இருக்கிறது: வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, பிறகு தூக்கம். நாம் படுக்கப் போவதற்கு முன்னால் அந்த வரிசையை நடத்திக் காட்டினால் போதும். குச்சியில் கட்டிய இறகையோ பந்தையோ வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகத் துரத்த விடுங்கள். கடைசியில் அந்த இறகோ பந்தோ பூனையிடம் பிடிபட வேண்டும், பிடிபடாமலே முடிக்கிற விளையாட்டு பூனைக்கு ஏமாற்றம். பிடித்தவுடன் அன்றைய கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். நக்கிவிட்டு அதுவே போய்ப் படுக்கும். விளையாடி முடித்ததும் நூல், கயிறு எதையும் வெளியே விட்டு வைக்காதீர்கள். விழுங்கினால் குடலை அறுக்கும் அளவுக்கு ஆபத்து.

காலையில் கத்தினால் எழுந்து சோறு வைப்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தவறு. கத்தினால் சோறு வரும் என்று நாமே பாடம் நடத்துகிறோம். குறித்த நேரத்தில் தானே திறக்கும் உணவுப் பெட்டி இருந்தால், சோறு பெட்டியிலிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டு பூனை அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி இல்லையென்றால், நீங்கள் எழுந்தவுடன் வைக்காமல் அரை மணி நேரம் கழித்து வைத்துப் பழக்குங்கள். ஆரம்பத்தில் முன்னைவிட மோசமாகக் கத்தும். எங்கள் வீட்டில் பத்து நாள் கத்தியது. நடுவில் ஒருநாள் மனமிரங்கி எழுந்துவிட்டால், எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்று புதிதாகக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். இவ்வளவையும் ஆரோக்கியமான பூனைக்குத்தான் சொல்கிறேன். அதையும் திட்டாமல், அடிக்காமல், தண்ணீர் தெளிக்காமல் செய்யுங்கள்.

ஆரோக்கியமான பூனைக்கு என்று சொன்னதற்குக் காரணம் வெள்ளையன். பதினோரு வயதில் அவன் அதிகமாகத் தூங்கத் தொடங்கினான். ஜன்னல் திட்டில் படுப்பவன் தரையில், கட்டிலுக்கு அடியில் படுத்தான். வயதாகிவிட்டது என்று நாங்கள் சொன்னோம். காட்டிய கால்நடை மருத்துவரும் வயதுதான் என்றார். சில மாதம் கழித்து வேறொரு மருத்துவர் இடுப்பையும் முழங்காலையும் தொட்டுப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்தது. அவன் தூங்கவில்லை, வலியினால் அசையாமல் கிடந்திருக்கிறான். பூனை வலியைக் கத்திச் சொல்லாது, இடத்தை மாற்றிக்கொள்ளும், ஒளிந்துகொள்ளும், நீண்ட நேரம் படுத்திருக்கும். சரியான மருந்து கொடுத்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்ட பிறகு வெள்ளையன் மறுபடியும் திட்டில் ஏறினான். அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் நம் வலி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமே என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிட வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

தூக்கம் குறைவதும் அப்படித்தான். வயதான பூனை திடீரென்று இரவெல்லாம் உலவி அடித்தொண்டையில் ஓலமிட்டால், அதுவும் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால், தைராய்டு மிகுதியாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தம், காது கேளாமை, முதுமை மறதி ஆகியவையும் இரவுக் கத்தலைக் கொண்டுவரும். இதற்கெல்லாம் பரிசோதனை உண்டு, பலவற்றுக்கு மருந்தும் உண்டு. வீட்டிலேயே நாம் பார்க்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அயர்ந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனைக்காகவாவது தூங்குகிற பூனையைத் தூங்க விடலாம்.

அந்த வாசகி தன் கேள்வியில் பூனையின் வயதை எழுதவில்லை, பதில் சொன்னவரும் கேட்கவில்லை. இந்தக் கத்தல் எப்போது தொடங்கியது என்பதும் அதில் இல்லை. அடுத்த இதழில் இதை வெளியிட முடிந்தால் நல்லது. பூனைக்குப் பத்து வயதைத் தாண்டியிருந்து, கத்தல் இந்தச் சில மாதங்களில் புதிதாக வந்தது என்றால், அவர் இறகுக் குச்சி வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நீண்டகால வாசகி