மழைக்கு முன்னால் பேக்கப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி நெருங்கினால் போதும், நாளிதழ்களில் மழைக்கால முன்னெச்சரிக்கைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். மணல் மூட்டை, மோட்டார் பம்பு, தாழ்வான பகுதிகளின் பட்டியல், கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கடை வைத்திருப்பவர்களுக்கென்று அதில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் சின்னக் கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பெயிண்ட் கடை, அரிசி மண்டி, படகு மோட்டார் சாமான் விற்கும் கடை, மக்ரூன் போடும் பேக்கரி என்று பலதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்கு அப்புறம் அந்தக் கடைக்காரர்கள் எதைத் தேடித் தவித்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதை ஊரே பார்த்தது. நனைந்த அரிசி மூட்டைகளும் மிதந்த ஃபிரிட்ஜ்களும் பேப்பரில் படமாக வந்தன. கடைக் கணக்கு போனதை மட்டும் யாரும் படம் எடுக்க முடியாது.

ஒரு பெயிண்ட் கடை அண்ணாச்சியின் கதையைச் சொல்கிறேன். அவர் ஒன்றும் அசட்டையான ஆள் இல்லை. தினமும் கடை சாத்துவதற்கு முன்னால் டேலியில் பேக்கப் கொடுத்துவிட்டுத்தான், அதாவது கணக்குக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான், ஷட்டரை இறக்குவார். அந்தப் பேக்கப் போய் உட்கார்ந்த இடம் டி டிரைவ். சி வேறு, டி வேறு என்று திரையில் இரண்டு படம் தெரிவதால் இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று நினைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே டிஸ்க். அதைத்தான் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அது போதாதென்று ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வைத்திருந்தார், பாவம். அது இருந்தது கல்லா மேஜையின் கீழ் டிராயரில். சிபியு இருந்தது அதே மேஜைக்கு அடியில், தரையில். தண்ணீர் மேஜை விளிம்பு வரை வந்து நின்றது.

பிறகு கணக்கைத் திரும்பக் கட்டினோம். ஜிஎஸ்டி தளம் இதில் பாதிக் கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும். கொள்முதலில் பெரும்பகுதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் கிடைத்தது. சரக்கு கொடுத்த கம்பெனிகள் தங்கள் பில்லை ஏற்றியிருந்ததால் நமக்குத் தெரிகிறது. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில்கள் நம்முடைய விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் ஒவ்வொன்றாக இருந்தன. வங்கி ஸ்டேட்மெண்டை வைத்து வரவு செலவை ஓரளவு சரி பார்க்கலாம். ஆனால் சில்லறை விற்பனை அந்த ரிட்டர்னில் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு மீதி என்பது எந்த அரசுத் தளத்திலும் இல்லை. பெயிண்ட் கடையில் பாதி வியாபாரம் மேஸ்திரிகளும் பெயிண்டர்களும் வைக்கும் பாக்கிதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் அந்தப் பாக்கிப் பட்டியல் போய்விட்டது. சிலர் தாங்களாகவே வந்து, "அண்ணாச்சி, எம்பேர்ல இவ்வளவு நிக்கும், எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணாச்சி யாரையும் கேட்கவும் முடியவில்லை. கையில் தொகை இல்லாமல் என்னவென்று கேட்பது?

இன்னும் இரண்டு இடத்தில் மாட்டினார். ஒன்று இன்ஷூரன்ஸ். சர்வேயர் வந்து டிசம்பர் 17 அன்று கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்றுதான் முதலில் கேட்டார். இரண்டாவது ஜிஎஸ்டி. அழிந்துபோன சரக்குக்கு ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்டதை) ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி திரும்பச் செலுத்த வேண்டும். எவ்வளவு அழிந்தது என்று தெரிந்தால்தானே அதைக் கணக்குப் போட முடியும்? நவம்பர் மாத வரி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பிக்கான கெடுவைத் தூத்துக்குடி, நெல்லை, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு 2024 ஜனவரி 10 வரை தள்ளி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் தேதியைத் தள்ளி வைத்தாலும் கணக்கு திரும்பி வந்துவிடாதே.

நனைந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வெயிலில் காய வைத்து, ஹேர் டிரையர் பிடித்து, 'ஓடுதா பாப்போம்' என்று ஒரு தடவை ஆன் செய்துவிட்டால் மிச்சமிருந்த வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும். உள்ளே அழுக்குத் தண்ணீர் போயிருக்கும். தட்டு சுற்றும்போது கீறிவிடும். மின்சாரமே கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஆகும் செலவு சின்னக் கடைக்குத் தாங்காது, கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை, இன்னமும் கையால் எழுதுகிற ஒரு எண்ணெய்க் கடைக்காரரின் பேரேடு மொட்டைமாடியில் காய்ந்து, பால்பாயிண்ட் எழுத்து அப்படியே வாசிக்க வந்தது. அதற்காகப் பழையபடி பேரேட்டுக்கே போய்விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை மட்டும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லி எல்லாக் கடையிலும் நச்சரிக்கிறேன். இரண்டு பக்கம்தான் வரும்.

தண்ணீர் ஒன்றுதான் எதிரி என்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுபவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, ஊருக்கே தெரிந்த மாதிரி ஒரு பாஸ்வேர்டும் வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தது. பணம் கேட்டு ஒரு குறிப்பு. பேக்கப் எடுத்த பென் டிரைவ் எப்போதும் சிபியுவில் சொருகியே இருந்ததால் அதுவும் பூட்டிப்போனது. கூகுள் டிரைவில் தானாக ஏறுகிற மாதிரி வைத்திருந்ததால் பூட்டிய ஃபைலே அங்கேயும் ஏறிவிட்டது. பழைய பிரதியை அங்கே தேடி மீட்க வழி உண்டு. ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது, சீக்கிரம் பார்க்க வேண்டும். இப்படி ஆனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. அச்சகக்காரருக்கும் தெரியாது.

பெரிய இடத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஒரு சேமிப்பகம் மொத்தமாகப் போனது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. அளவு பெரிதாக இருந்ததால் எடுக்கவில்லை என்றார்கள். நம் அண்ணாச்சிமார்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஒரு சின்னக் கடையின் ஒரு வருட டேலி கணக்கு, ஒரு கல்யாண வீடியோவில் பத்தில் ஒரு பங்கு இடம்கூடப் பிடிக்காது.

சரி, பிறகு ஏன் யாரும் கணக்கைக் கடைக்கு வெளியே ஒரு நகல் வைப்பதில்லை? செலவு காரணமில்லை. பயம்தான். கணக்கு வெளியே போனால் யார் கையில் சிக்குமோ, பங்காளி பார்ப்பானோ, போட்டிக் கடைக்காரன் பார்ப்பானோ, வேறு யாராவது பார்ப்பார்களோ என்ற பயம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். இதற்கு டேலியிலேயே வழி இருக்கிறது. டேலி வால்ட் என்று பாஸ்வேர்டு போட்டுக் கணக்கைப் பூட்டலாம். பிறகு அந்த நகலை யாரிடம் கொடுத்தாலும் கம்பெனி பெயர்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் யாராலும் திறக்க முடியாது. அதனால் அதைத் தாளில் எழுதி நகை இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

நான் கணக்கு எழுதும் கடைகளில் இப்போது பழக்கிவிட்டிருப்பது இதுதான். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், சனிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வார்கள். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். வீடும் கடையும் ஒரே தெருவில் என்றால் அது கணக்கிலேயே சேராது, 2023ல் ஒரு தெருவுக்கு வந்த தண்ணீர் அடுத்த தெருவுக்கும் வந்தது. அதனால் மாதம் ஒரு நகல் கோவில்பட்டியிலோ மதுரையிலோ இருக்கிற மகன், மச்சான் யாருக்காவது போகும். கிளவுட் வேண்டும் என்பவர்கள் அதையும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கிளவுட் ஒன்றை வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று விற்க வருகிறவர்களை நம்ப வேண்டாம். கரண்டும் டவரும் இல்லாத அந்த நாட்களில் கிளவுட் எங்கே இருந்தது? ஜிஎஸ்டி தளத்துக்குள் நுழையும் பெயரும், ஓடிபி வருகிற போன் நம்பரும் முதலாளி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அந்தப் போன் நனைந்த அன்றைக்குக் கடையே நின்றுவிடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சிபியுவிலேயே சொருகி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ரீஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து கணக்கைத் திரும்பக் கொண்டுவந்து, பார்ப்பது. எல்லோரும் பேக்கப் எடுக்கிறார்கள். எடுத்ததைத் திறந்து பார்த்தவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வேறொரு லேப்டாப்பில், புதிதாக ஒரு ஃபோல்டரில் போட்டுத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற கணக்கின் மேலேயே ரீஸ்டோர் கொடுத்துவிடக் கூடாது, இருப்பதும் அழிந்துவிடும். திறந்ததும் மூன்றே விஷயம்: கடைசி பில் நம்பர் சரியா, கல்லா இருப்பு சரியா, யாராவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியா. இதை என்னைப் போன்றவர்கள் பார்த்தால் போதாது. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இது வெறும் புத்திமதியும் இல்லை, விதி. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 57வது விதி, விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படியான மின்னணு நகல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சட்டத்தின் 36வது பிரிவு சொல்கிறது. ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானாலும் எஸ்எம்எஸ் அனுப்புகிற துறை, 57வது விதியைப் பற்றி எந்தக் கடைக்காரருக்கும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு தடவை அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே உங்கள் மழைக்கால முன்னெச்சரிக்கைப் பட்டியலில் கடைக்காரர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிபியுவைத் தரையிலிருந்து மேலே தூக்குவது முதல் வரியாக இருக்கட்டும். வணிகர் சங்கங்களும் வருடா வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். ஒரு மண்டபம், நாலைந்து லேப்டாப், கணக்கு எழுதத் தெரிந்த சிலர் போதும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் டிஸ்க்கைக் கொண்டுவந்து திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். கணக்கு வேறு ஆள் கண்ணில் படக் கூடாது என்பவர்களுக்குத் தடுப்பு போட்ட ஒரு மேஜை வைத்துவிடலாம். எங்கள் ஊர்ச் சங்கம் அப்படி ஒரு நாள் வைத்தால் என் லேப்டாப்போடு காலையிலேயே வந்துவிடுகிறேன். காசு வேண்டாம், மக்ரூன் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதும் வாசகி,
தூத்துக்குடி