எந்த ஊர்க் கறி என்று சொல்லி எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வார ஜப்பான் பயணக் கட்டுரையில், அங்கே எந்த ஊரில் மாட்டுக்கறி சாப்பிட்டாலும் அது கோபே மாடுதான், தினமும் பீர் குடித்து வளர்வது என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஒசாகாவில் குடும்பத்தோடு இருக்கும் பழைய வாசகன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. கோபே என்று விற்க வேண்டுமானால் தாஜிமா வம்சத்து மாடாக இருக்க வேண்டும், கோபே நகரம் இருக்கும் ஹியோகோ மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும், கறிக்குள் கொழுப்பு ஓடியிருக்கும் அளவு 12 படித் தரவரிசையில் 6க்குக் குறையக் கூடாது. மாட்சுசாகா என்ற இன்னொரு ஊரின் கறி என்றால் கன்று ஈனாத கிடாரி மட்டும்தான். அந்தப் பீர் கதையும் மாட்சுசாகா பக்கத்தது, தீனி இறங்காத மாட்டுக்குப் பசியெடுக்கக் கொடுப்பார்கள், தினப்படி இல்லை.

சமையலும் ஊருக்கு ஊர் வேறு. மாட்சுசாகாவில் சுகியாகி என்ற கறிச் சமையலில் பரிமாறும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சூடான இரும்புச் சட்டியில் கொழுப்புத் துண்டைத் தேய்த்து, கறியைப் பரத்திப் போட்டு, அதன் மேலேயே சர்க்கரை தூவி சோயா சாஸ் விடுவார். அடித்து வைத்த பச்சை முட்டையில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தகயாமா ஊரில் ஹிதா வட்டாரத்து மாட்டுக்கறியைக் காய்ந்த ஹோபா என்ற மர இலையில், மிசோ என்ற சோயா விழுதோடு வைத்துச் சின்ன அடுப்போடு மேஜைக்கே கொண்டுவருகிறார்கள், இலை ஓரம் கருகி மிசோ கொப்பளிக்கிற அந்த மணம் வேறெங்கும் கிடையாது. இதையெல்லாம் கோபே என்ற ஒரே பெயரில் அடைத்தால் அந்த ஊர்க்காரர்கள் உழைப்புக்கு என்ன மரியாதை? மியாசாகி மாகாணத்தில் 2010இல் கோமாரி வந்து ஏறக்குறைய 3 லட்சம் மாடு, பன்றிகளை அழித்தார்கள், 2012இல் அதே மாகாணம், வாக்யூ என்ற ஜப்பானிய மாட்டினங்களுக்கான போட்டியில் மறுபடி முதலிடம். அதற்கு உங்கள் இதழில் ஒரு வரி கிடையாது.

போன வருடமும் இதேதான். செண்டாய் நகரத்தில் பேர்பெற்ற மாட்டு நாக்கு உள்ளூர் மாட்டினுடையது என்று போட்டீர்கள். அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. அப்போதே கடிதம் எழுதினேன், பிரசுரிக்கவில்லை, பரவாயில்லை. ஆனால் உங்கள் எழுத்தை நம்பி வந்த என் மச்சான், கோபேதான் வேண்டும் என்று அடம்பிடித்து, சுற்றுலாத் தெருக் கடை ஒன்றில் பெரும் பணம் கொடுத்து ஸ்டீக் சாப்பிட்டார். மாட்டின் அடையாள எண் எங்கே என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மச்சான் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜப்பானில் வளரும் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு. 2003இல் வந்த சட்டம். ஸ்டீக், சுகியாகி, ஷாபு ஷாபு (கொதிநீரில் முக்கியெடுக்கும் கறி), யாகினிகு (தணலில் சுடும் கறி) ஆகியவற்றையே முக்கியமாக விற்கும் கடைகள் உள்நாட்டுக் கறிக்கு அந்த எண்ணைக் காட்ட வேண்டும், இணையத்தில் தட்டினால் அந்த மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது எல்லாம் வந்துவிடும். கோபே சங்கம் அங்கீகரித்த கடை என்றால் வெண்கல மாட்டுச் சிலையும் வைத்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. அடுத்த இதழில் ஒரு திருத்தம், அதோடு இந்த எண்ணைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. இந்த முறையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒசாகாவிலிருந்து ஒரு வாசகர்