குட்டிக் கோவாவும் அப்பம்மாவின் கழுத்தும்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அறுவடை முடிந்து நெல் முற்றத்தில் காய்கிறது, விலைதான் சரியில்லை. தம்பி கணித ரியூசனுக்கு ஒழுங்காகப் போகிறான். வேறு புதினம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். எழுத உட்கார்ந்தது உன் குட்டிக் கோவாவைப் பற்றி.

நீ லண்டனிலிருந்து அதைப் பற்றிப் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ் என்றாய், எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை, சின்ன முட்டைக்கோசு மாதிரி இருப்பதால் குட்டிக் கோவா என்றே சொல்லிக்கொள்கிறோம். மெல்லிசாகச் சீவி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் விட்டுக் கையால் பிசைந்து கொஞ்ச நேரம் வைத்தால் அடுப்பே இல்லாமல் பதமாகிவிடும், "அம்மா, அவ்வளவு ருசி" என்றாய். பிள்ளை, நீ ஒரு சாப்பாட்டை ருசி என்று சொல்லி எத்தனை காலம். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் கிடந்ததற்குப் பிறகு உன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை. செட்டிக்குளம் முகாமில் தந்ததைச் சாப்பிட்டாய். வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் பார்த்துப் பார்த்துச் சமைத்ததையும் அதே முகத்தோடு சாப்பிட்டாய். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பசி போய்விட்டது" என்பாய். அதனால்தான், இனி எதையும் சமைக்காமல் பச்சையாகவே சாப்பிடுவேன், பால் தயிரும் வேண்டாம் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த கோபம் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. பயம் போகவில்லை.

நீ அனுப்பிய படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். ஒரே தடியில் கீழிருந்து மேல்வரை, ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு குட்டிக் கோவா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கோவா நட்டால் ஒரு கன்றுக்கு ஒரு தலைதான், இது என்ன அதிசயம் என்றார். கீழே உள்ளது முதலில் முற்றுவதால் கீழிருந்து பறித்துக்கொண்டு போவார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். உறைபனி விழுந்தால் கன்று தன்னைக் காப்பாற்றச் சீனியைக் கூட்டிக்கொள்ளும், அதனால் மார்கழி, தையில் பறிப்பது இனிக்கும் என்பதையும் சொன்னேன். முன்பு இருந்த கசப்பை ஒல்லாந்து நாட்டு விதைக்காரர்கள் 1990களில் குறைத்த கதையையும் கேட்டுவிட்டு, "இவளுக்கு எவ்வளவு தெரியுது பார்" என்றார். நம் வெயிலுக்கு வராது என்று தெரிந்தும் விதை கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். அவருக்கு நீயே பதில் சொல்லு, சந்தோசப்படுவார்.

பச்சையாகச் சாப்பிடுவதைப் புதுப் பழக்கம் என்று நீ நினைக்காதே. வல்லாரைச் சம்பலை யார் அடுப்பில் வைத்தார்கள்? வல்லாரையை நுணுக்கமாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, கடைசியில் தேசிக்காய். மாசிக் கருவாட்டுத் தூளை விட்டுவிட்டால் உன் கணக்குக்கு ஒரு குறையும் இல்லாத சாப்பாடு. குட்டிக் கோவாவையும் அப்படியே செய்து பார். தேங்காய்ப்பூ அதன் கசப்பையும் காரத்தையும் அமர்த்தும். அந்தக் காரம் கடுகின் காரம்தானாம், இரண்டும் ஒரே குடும்பம், வெட்டியவுடன் கிளம்பும் என்று மச்சாள் சொன்னாள். இங்கே கோவா கிடைத்தபோது நான் அப்படிச் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கழுவுவதை மட்டும் விட்டுவிடாதே. கோவா இனத்துக்குப் புழு கூட, அதற்கு எவ்வளவு மருந்து அடிப்பார்கள் என்று அப்பாவின் பிள்ளைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, வெளி இலையைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் கழுவு.

இப்போது அப்பம்மாவின் கழுத்து வீக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ கடைசி நாட்களில்தான் பார்த்தாய், நான் கலியாணமாகி வந்த காலத்திலிருந்து பார்த்தவள். மச்சாள் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிறவள், சும்மா பயங்காட்டுகிறவள் இல்லை. கோவா இனத்தைப் பச்சையாக நிறையச் சாப்பிட்டால், அதிலுள்ள சில சத்துக்கள் தைரொயிட் என்கிற கழுத்துச் சுரப்பிக்கு அயடீன் போய்ச் சேருவதைத் தடுக்குமாம். சமைத்தால் அது குறையும். அயடீன் போதுமான அளவு உள்ளவளுக்கு, அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் உனக்கு அயடீன் எங்கிருந்து வருகிறது? அங்கே சனத்துக்குப் பாலிலும் மீனிலும் இருந்து வருகிறது, நீ இரண்டையும் விட்டுவிட்டாய். இங்கே 1995 முதல் உப்பில் கலக்கிறார்கள். லண்டன் கடை உப்பில் பெரும்பாலும் கலப்பதில்லையாம், நீ பாவிக்கிற அந்த இளஞ்சிவப்புக் கல்லுப்பிலும் போதிய அளவு இல்லையாம். நாளுக்கு 150 மைக்கிரோகிராம் வேண்டும். பெட்டியில் அயடீன் என்று எழுதிய உப்பு வாங்கு, இல்லையென்றால் டொக்டரிடம் கேட்டுக் குளிசை எடு. கடற்பாசியை அள்ளிச் சாப்பிடாதே, அதில் அளவு மீறிப்போகும், அதுவும் அதே சுரப்பிக்குத்தான் கேடு. போகும்போது கழுத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்வி. அப்பம்மாவுக்கு இருந்தது என்று சொல்ல மறக்காதே.

பி 12 குளிசையையும் மறக்காதே. எந்த மரக்கறியிலும் எந்தப் பழத்திலும் அது இல்லை. நாளுக்கு 10 மைக்கிரோகிராம், அல்லது கிழமைக்கு ஒரு தரம் 2,000. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது, வருடக்கணக்கில் கழித்துத்தான் கை கால் விறைக்கும், நாக்குப் புண்படும், களைப்பும் மறதியும் வரும். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா" என்று நீ சொல்வதை நான் அதனால்தான் நம்பாமல் இருக்கிறேன், உன் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல.

உன் கோவாவில் சத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 100 கிராமில் விற்றமின் சி மட்டும் 85 மில்லிகிராம், தோடம்பழத்தைவிடக் கூட. பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்த விற்றமின் உதவும், ஆகவே முளைகட்டின பயற்றையும் அதனோடு சேர். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்காதே, அது இரும்பைத் தடுக்கும். ஆனால் அதே 100 கிராமில் 43 கலோரிதான் இருக்கிறது. ஒரு கிலோவை மென்று முடித்தாலும் 430. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரி, பிள்ளை. வயிறு நிறையும், காற்றும் நிறையும், உடம்பு நிறையாது. காலையும் இரவும் இரண்டு வேலை செய்கிற பிள்ளைக்கு இது போதாது. உன் காசில்தான் கிணறு கட்டினோம், தம்பி படிக்கிறான், ஊரில் யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று சொல்கிறேன். அந்தக் காசை உன் வாயைக் கட்டி அனுப்பினாய் என்று ஒருநாள் தெரிந்தால் எனக்கு அந்தத் தண்ணீர் இறங்காது. தேங்காய், கச்சான், எள்ளு, ஆனைக்கொய்யா எல்லாம் வாங்கிச் சாப்பிடு. விலை என்று பார்க்காதே. இந்த மாதம் எங்களுக்கு அனுப்பவேண்டாம்.

நீ இப்போது வீடியோவைப் போடுவதில்லை. கன்னம் வற்றியிருக்கிறதே என்று நான் கேட்ட நாளிலிருந்து குரல் மட்டும்தான் வருகிறது. கமரா பழுது என்றாய், சரி. கேட்க நினைத்த இன்னொன்றை ஃபோனில் கேட்க முடியவில்லை, தம்பி பக்கத்தில் நிற்பான். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? ஜேர்மனியில் பச்சையாகவே சாப்பிடுகிறவர்களை விசாரித்து 1999 இல் எழுதிய ஒரு ஆய்வை மச்சாள் காட்டினாள். 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு அது ஒழுங்கில்லாமலோ நின்றோ போயிருந்ததாம், உடம்பு மெலிய மெலியக் கூடவாம். உனக்கு ஒழுங்கு என்றால் "ஓம்" என்று ஒரு சொல் அனுப்பு. இல்லையென்றால் டொக்டரிடம் போ, எனக்கு விளக்கம் சொல்லவேண்டாம். நீ இப்படிச் சாப்பிட அந்த மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் காரணமா என்று கேட்கவும் எனக்கு வாய் வருவதில்லை. அந்தக் கஞ்சி வரிசையில் நீ என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது. உனக்கு எதெல்லாம் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. சொல்ல நினைக்கும் நாளில் சொல்லு. இரவு எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

பச்சை என்று எல்லாவற்றையும் வாயில் போடாதே. மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தொடவே தொடாதே, நஞ்சு. சிவப்புப் போஞ்சி விதையும் அப்படித்தான், முளைகட்டினாலும் வேண்டாம். ஒடியல் வெயிலில் காய்ந்த பனங்கிழங்குதானே என்று அதையும் சப்பாதே. இதைப் போன முறையும் சொன்னேன், இன்னொரு தரமும் சொல்வேன்.

பெரியம்மாவின் மகன் பங்குனியில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். முறிகண்டிக் கச்சான் மணலில் வறுத்தது, உனக்கு ஆகாது என்று வறுக்காததையே எடுத்துத் தோல் நீக்கிக் காயவைத்திருக்கிறேன். பூஞ்சணம் பிடித்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாயிற்று. எள்ளும் இருக்கிறது. வந்தவுடன் காற்றுப் புகாத போத்தலில் போடு. தேன் வைக்கவில்லை, நீ எடுக்கமாட்டாய் என்று தம்பி சொன்னான். இந்த வருடம் காட்டுத்தேன் நல்லது, எடுத்து வைத்திருக்கிறேன், மனம் மாறினால் சொல்லு.

அந்தப் புதினம் இதுதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இம்முறை நாங்கள் எல்லோரும் போகிறோம், உனக்காக நேர்ந்தது இன்னும் செய்யாமல் கிடக்கிறது. பொங்கலைத் தம்பி சாப்பிடட்டும், உனக்குப் பழத்தட்டு. வைகாசியில் வந்தால் உனக்காக அடுப்பு மூட்டவே தேவையில்லை. காட்டில் பாலைப்பழம் இருக்கும், வளவில் மாம்பழமும் நுங்கும் இளநீரும் இருக்கும். கிணற்றடியில் வல்லாரை நட்டிருக்கிறேன், தண்ணீர் ஓடுகிற இடம், நன்றாகப் படர்கிறது. லீவு கிடைக்குமா என்று வேலையிடத்தில் இப்போதே கேள், டிக்கெட் விலை ஏற முன்பு. திகதியை எனக்கு எழுது. அயடீன் உப்பு வாங்கினாயா என்பதையும் எழுது.

அம்மா