பின்சீட்டிலிருந்து ஒரு கடிதம்

கெலுகோர், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஊன்றுகோலை மூலையில் எறிந்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். போய் எடு. இரண்டு மாதம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பேரனும் உன்னை மாதிரியே நெட்டையாம். பிறந்து மூன்று வாரம் ஆன பிள்ளைக்கு அதற்குள் உயரம் அளந்த தாத்தா கிள்ளானிலேயே நீ ஒருவன்தான்.

இந்தச் சங்கதியை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வீட்டுக்குப் புது மோட்டார் வந்திருக்கிறது. என்னுடையது இல்லை, பாப்பாவுடையது. ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பேப்பர் வாங்கக் கீழே இறங்கினேன். 1997-ல் வாங்கிய என் ஹோண்டா இஎக்ஸ்5 எந்தத் தூணோரம் நிற்கும் என்று உனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் எருமை மாதிரி ஒரு கறுப்பு மோட்டார். யாரடா நம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்று திட்டத் தயாராகத் திரும்பினால், பின்னால் பாப்பா ஹெல்மெட்டோடு நிற்கிறாள். "அப்பா, அது என்னோடது."

நான்கு மாதமாக ஞாயிறுதோறும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போய் பி ஃபுல் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் அவள் தம்பிக்குத் தெரியும். எதிர்வீட்டு ஆன்டிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. இன்னொன்று கேள். என் லைசென்ஸ் பி2, 250 சிசியோடு சரி. அந்த எருமை 349 சிசி. என் மகள் வாங்கிய வண்டியை நான் சட்டப்படி ஒரு ரவுண்டுகூட ஓட்ட முடியாது. இதை அவள் விளக்கியபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. இல்லை என்று சாதிக்கிறாள். இருந்தது.

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. கோபம் என்று வெளியே சொன்னேன், உள்ளே இருந்தது பயம்தான். என்னோடு ஷிப்டில் இருந்தவன் ஒருவன் மழை இரவில் வேலை முடிந்து போனவன் வீடு போய்ச் சேரவில்லை என்று உனக்கு எழுதியிருக்கிறேன். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் பெரிய பிரசங்கமே செய்தேன். என் வீட்டுக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "முப்பது வருஷமா நீங்க எதுல வேலைக்குப் போனீங்க? ஃபெர்ரியிலயா?" அதற்கப்புறம் நான் பிரசங்கத்தை நிறுத்திவிட்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. பாப்பா கீழே உட்கார்ந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பாக. காய்ந்த துணியால் மண்ணை உள்ளே தேய்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். நம் இஎக்ஸ்5-க்குச் சங்கிலியை முழுசாக மூடிய உறை உண்டு, நாம் எட்டிப்பார்த்ததே இல்லை. இதில் சங்கிலி வெளியே கிடக்கிறது, மழைத்தண்ணியும் மணலும் நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது. மாடியிலிருந்து எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? இறங்கிப் போய், "மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு வா" என்றேன். ஒரு வாரத்தில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

அப்புறம் இருட்டும்வரை அங்கேதான் இருந்தோம். இந்த எஞ்சினைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இஎக்ஸ்5-ல் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் அகலம், அது ஏறி இறங்கும் தூரம் 49.5. ஏறக்குறைய சதுரம், அதனால்தான் தையல் மிஷின் மாதிரி படபடவென்று ஓடும். இதில் அகலம் 72, ஏறி இறங்கும் தூரம் 85.8. நீளமான குத்து. முறுக்கத் தேவையே இல்லை, மெதுவாகப் போகும்போதே இழுக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது டொம் டொம் என்று ஒவ்வொரு வெடியையும் தனியாக எண்ணலாம். எடை 195 கிலோ, நம் சின்ன கப்சாய் மோட்டார் இரண்டைக் கட்டி நிறுத்தின மாதிரி. இங்கிலாந்துக் கம்பெனிதான், ஆனால் 1955-லேயே மெட்ராஸில் புல்லட்டைப் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு தாய்க் கம்பெனி படுத்துவிட்டது, மெட்ராஸ் பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்ததற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்த ஒரே சொந்தம் இந்த எருமைதான் என்று சொன்னேன். பாப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல நாள் ஆகிறது.

புது எஞ்சினுக்கு முதல் 500 கிலோமீட்டர் முக்கியம். பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகவேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. அது முடிந்ததும் எண்ணெய் மாற்ற வேண்டும். இதையெல்லாம் பெரிய மனுஷனாகச் சொல்லி முடித்தேன். "சரிப்பா, அப்போ 500 கிலோமீட்டரும் நீங்களே கூட வாங்க" என்றுவிட்டாள்.

நெட்டை, நான் வாழ்நாளில் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லையடா.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். தீவைச் சுற்றி ஒரு வட்டம். பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், அங்கிருந்து மலையேறி தித்தி கெராவாங், தெலுக் பாஹாங், பத்து ஃபெரிங்கி, டவுன், வீடு. எழுபது கிலோமீட்டர் சொச்சம். நான் வழக்கம்போல ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். "அப்பா, முன்னால காத்து உங்களுக்கு இல்ல, எனக்கு" என்றாள். முதல் பாடம்.

கையை எங்கே வைப்பது? தோளைப் பிடித்தேன். "தோளைப் பிடிச்சா ஹேண்டில் ஆடும்ப்பா, இடுப்பைப் பிடிங்க." வளர்ந்த மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கெலுகோர் பாசார் வழியாகப் போக எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு சிவப்பு விளக்கில் நிறுத்தும்போதும் என் வலது கால் தானாகவே மிதிக்கிறது. இஎக்ஸ்5-ன் பிரேக் அங்கேதானே! இங்கே மிதித்தால் கால்கட்டைதான் அமுங்குகிறது.

தித்தி கெராவாங் வளைவுகளில்தான் வினை. அவள் இடது பக்கம் சாய்க்கிறாள், நான் விழுந்துவிடுவோமோ என்று வலது பக்கம் நிமிர்கிறேன். நான் நிமிர நிமிர வண்டி வளைவை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. மூன்றாவது வளைவில் ஓரமாக நிறுத்தினாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஓட்டல. நான் ஓட்டுறேன். நான் சாயும்போது கூடவே சாயுங்க, அவ்வளவுதான்." அடுத்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். தண்ணீர் மாதிரி போனது.

அந்த இடத்தில்தான் உன் ஞாபகம் வந்தது. 1981, என் அப்பாவின் சி70. பினாங்கில் பிறந்தவர்கள் நாம், ஹோண்டா என்றா சொன்னோம்? அதைக் கொண்டுவந்து விற்ற லோ பூன் சியூவின் பேரையே வண்டிக்கு வைத்து பூன் சியூ என்றுதானே கூப்பிட்டோம். படம் பார்க்க நிபோங் திபாலுக்குப் பறப்போம். "மெதுவா போடா" என்று நீ பின்னாலிருந்து கத்தக் கத்த நான் இன்னும் முறுக்குவேன். தோட்டத்து லோங்காங் வாய்க்காலில் போய் விழுந்தோமே, எனக்கு ஒரு கீறல் இல்லை, நீதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். நாற்பது வருடத்துக்கும் மேலாக அதை ஒரு தமாஷாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்தவனுக்குப் பிடிக்க ஹேண்டில் இல்லை, மிதிக்கப் பிரேக் இல்லை, முன்னால் இருக்கும் முதுகைத் தவிர வேறு காட்சியும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இதை என் வீட்டுக்காரியிடமும் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டியில் ஏறமாட்டாளாம், இனி நீங்கள் உட்காருங்கள் என்கிறாள். அது இருக்கட்டும். நீ ஆபரேஷன் செய்தது இடது முட்டியா, வலதா? உண்மையை எழுது.

ஒன்றை விட்டுவிட்டேன். மலை ஏறுவதற்கு முன்னால் பாலிக் பூலாவில் லக்சா சாப்பிட நிறுத்தினோம். அவளுக்குப் புளி போட்ட அசாம் லக்சா, எனக்குத் தேங்காய்ப்பால் போட்ட சயாம் லக்சா. கூடச் சாதிக்காய்த் தண்ணி. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று அப்போதுதான் கேட்டேன். திட்டுகிற மாதிரி இல்லாமல், சும்மா.

கொஞ்ச நேரம் கரண்டியால் மீனைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தம்பிக்குப் பதினஞ்சு வயசுல பந்துத் திடல்ல இஎக்ஸ்5 ஓட்டச் சொல்லிக் குடுத்தீங்கல்ல? அன்னைக்கு அவன் செருப்பைக் கையில வச்சிக்கிட்டு நான் நின்னேன். நானும் ஓட்டவான்னு கேட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு, அப்பா கொண்டுபோய் விடறேன்லன்னீங்க."

எனக்கு அந்தத் திடல் ஞாபகம் இருக்கிறது. அவன் இரண்டு தடவை விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் அங்கே நின்றது மட்டும் ஞாபகமே இல்லை.

"கொண்டுபோய்த்தானே விட்டேன்" என்றேன். பொய் இல்லை. பள்ளிக்கூடம், டியூஷன், இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் நான்தான். சின்னதில் சீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு கண்ணாடிக் கம்பியையும் பிடித்தபடி வருவாளே, நீயே பார்த்திருக்கிறாய்.

"அது எனக்குப் பிடிக்கும்ப்பா. அது வேற."

பதில் யோசித்தேன். வந்த பதிலெல்லாம் "அந்தக் காலம் அப்படி" என்றே ஆரம்பித்தது. அந்தத் திடலில் நின்றது காலம் இல்லை, நான். அதனால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சாதிக்காய்த் தண்ணிக்குச் சொன்னேன். அவளும் அதை அதற்குமேல் இழுக்கவில்லை. நீங்கள் சயாம் லக்சாவை மிச்சம் வைக்கிறீர்களே, எனக்குத் தாருங்கள் என்று வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று ஞாயிறு, மூன்று சுற்று. கடைசிச் சுற்று நம் தோட்டத்துக்கு. 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் வழியாகப் போனோம். மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் பதினேழு கடலுக்கு மேலேயே. 2019-லிருந்து மோட்டாருக்கு டோல் கிடையாது என்பதால் ஐந்து காசு செலவில்லை. நடுப்பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது பார், இஎக்ஸ்5-ஆக இருந்தால் இறங்கித் தள்ளியிருப்பேன். என்னை அறியாமல் கம்பியை விட்டுவிட்டு அவள் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கரை ஏறிய பிறகும் விடவில்லை. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை, கவனித்தாலும் சொல்கிற பெண் இல்லை.

பத்து காவான் பக்கம் நீ வந்தால் வழி தெரியாமல் நிற்பாய். செம்பனையாகக் கிடந்த இடத்தில் ஐக்கியா கடை நிற்கிறது. பூன் சியூ ஹோண்டா ஆலையும் இப்போது அங்கேதான். அதைத் தாண்டி உள்ளே நம் தோட்டத்தில் லயத்து வீடு ஒன்றுகூட இல்லை. முனியாண்டி கோயில் மட்டும் புது பெயின்டில் இருக்கிறது. லோங்காங்கும் அப்படியே இருக்கிறது. பாப்பாவிடம் காட்டினேன். இறங்கிப் போய்க் காலால் அளந்து பார்த்தாள். "இவ்வளவு சின்னதுலயா ரெண்டு பேரும் விழுந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, உனக்கென்று ஒரு படம் எடுத்தாள். அனுப்பச் சொல்கிறேன்.

முதல் சர்வீசும் ஆயிற்று. இறக்கிய எண்ணெயை ஒரு சட்டியில் வெயிலில் காட்டி, அதில் மினுங்கும் இரும்புப் பொடியைப் பாப்பாவுக்குக் காட்டினேன். பழகும்போது இரண்டு பக்கமும் தேயும் என்றேன். பிஸ்டனைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை பிஸ்டனைப் பார்த்த மாதிரி இல்லை.

தீபாவளிக்கு முன்னால் கிள்ளானுக்கு ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறாள். ஈப்போவில் தங்கி இரண்டு நாளாக வரவேண்டும், இந்த முதுகு ஒரே நாளைத் தாங்காது. உன் வீட்டில் தைலம் வாங்கி வை.

நேற்று வேலை விட்டு வந்தவள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பயிற்சிப் பள்ளியின் பி ஃபுல் விண்ணப்பம். என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவளே எழுதியிருக்கிறாள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கு அறுபத்திரண்டு வயது என்பதையும் அவளே நிரப்பியிருக்கிறாள். தாள் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பிரஷர் மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். ஊன்றுகோலை எடு.

உன்,
குட்டை