பத்தமடைப் பாயில் ஒரு சீட்டு தைத்துக் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் கைத்தறி, கைத்திறன், துணிநூல் மற்றும் கதர்த் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன வருடம் ஒரு கண்காட்சியில் 'பத்தமடைப் பாய்' என்று அட்டை மாட்டியிருந்த கடையில் பாய் வாங்கினேன். வீட்டில் விரித்த பிறகுதான் தெரிந்தது, அது விசைத்தறிப் பாய். கோரை தடித்தடியாகக் கிடந்தது, மடித்த இடத்தில் முறிந்தது. பத்தமடைக்குப் பக்கத்து ஊரான சேரன்மகாதேவிக்காரன் என்னையே ஏமாற்ற முடிகிறதென்றால், பத்தமடையைப் பார்த்தே இராதவர் என்ன செய்வார்?

அசல் பாய் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கரையோரக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டுவருவார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவே நெய்கிறார்கள். சாதாரணப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். கவுண்ட் என்பது நெசவின் நுண்மையைச் சொல்கிற கணக்கு; 100 முதல் 140 கவுண்ட் வரை போகிற நுண்பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பட்டுப் பாய் என்று பேர். துணி மாதிரி மடியும். மணமக்களின் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதையை எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறோம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்து அரிசி வாங்க முடியாது.

2013இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும் பதிவு, கிடைத்தது. சரி, அப்புறம்? 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைச் சட்டப் பாதுகாப்போடு பயன்படுத்த, நெய்கிறவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். 2020இல் அதற்கான கட்டணத்தை 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பணம் தடையில்லை. விண்ணப்பத்தை நிரப்ப ஆளில்லை, அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு நாள் ஓர் அலுவலரைப் பத்தமடைக்கு அனுப்பி, வீடு வீடாகப் பதிந்து தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஒவ்வொரு பாயின் ஓரத்திலும் ஒரு துணிச்சீட்டு தைக்க ஏற்பாடு செய்யுங்கள். எத்தனை கவுண்ட், பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) பருத்தியா பட்டா, நெய்தவர் பெயர், எத்தனை நாள் பிடித்தது: இவ்வளவு போதும். நகைக்கு முத்திரை பார்க்கிற சனம் பாய்க்கும் பார்க்கும். 120 கவுண்ட் பாய்க்கும் விசைத்தறிப் பாய்க்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று கடைக்காரர் வாயால் விளக்க வேண்டியதில்லை. அரசின் பூம்புகார் கைவினைக் கடைகளில் முதலில் தொடங்கலாம். கொள்முதல் விலையையும் கவுண்டை வைத்தே நிர்ணயியுங்கள். நீள அகலத்தை மட்டும் அளந்து காசு கொடுத்தால் யார் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நுண்பாய் நெய்வார்கள்?

பயிற்சி முகாம் மட்டும் வேண்டாம். நெய்ய அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகன்