பொதுக் கரண்ட் எங்கே போகிறது? மீட்டர் வாங்கக் கை கொடுங்கள்

நம் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர்களுக்கும், வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கும், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கும் நிர்வாகக் குழுவின் வணக்கம்.

மெயின்டனன்ஸ் கணக்கில் செக்யூரிட்டி சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு, பொது இணைப்பின் இபி பில். 2022 செப்டம்பரில் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் பொது இணைப்புகளை 1டி என்ற தனி வகையில் சேர்த்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு அதுவும் ஏறிவிட்டது. வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. 2023இல் பத்து வீட்டுக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். நாம் இரண்டு பிளாக், 72 வீடு, இரண்டு லிஃப்ட். அந்தச் சலுகை நம் பக்கம் எட்டிப் பார்க்காது.

கட்டண விகிதம் நம் கையில் இல்லை, சரி. ஆனால் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் இருப்பது ஒரே ஒரு எண். அதில் சம்ப் மோட்டார் எவ்வளவு, கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயர் எவ்வளவு, லிஃப்ட் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் லிஃப்டைக் குறை சொல்வார், இன்னொருவர் பார்க்கிங் விளக்கைக் குறை சொல்வார். டீ ஆறுவதற்குள் பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய்விடும்.

இந்த முறை காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்தோம். செக்யூரிட்டி அண்ணன் சில நாட்கள் இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் பொது மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். (அந்த டிஸ்ப்ளே வோல்டேஜ், தேதி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். யூனிட் வரும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு நன்றி.) அந்த ஆறு மணி நேரத்தில் சராசரியாக 31 யூனிட் ஓடியிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். விளக்குகள் 7, லிஃப்ட் சும்மா நிற்பதற்கும் அதன் ஃபேனுக்கும் 2, கேமராக்களுக்கு 1, டைமரில் பாதி நேரம் ஓடவேண்டிய புளோயருக்கு 6. மொத்தம் 16 யூனிட்தான் வருகிறது. மீதி 15 யூனிட்டை எது தின்கிறது?

டைமர் பழுதாகி புளோயர் விடிய விடிய ஓடுகிறதா? ஓவர்ஹெட் டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவேண்டிய ஃப்ளோட் சுவிட்ச் மக்கர் செய்து, யாரும் தண்ணீர் திறக்காத நேரத்திலும் மோட்டார் ஓடுகிறதா? உறிஞ்சிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வ் கசிந்து, 40 நிமிடத்தில் நிரம்பவேண்டிய டேங்குக்கு ஒரு மணி நேரம் ஆகிறதா? பிளம்பர் ஒன்று சொல்கிறார், எலக்ட்ரீஷியன் வேறொன்று சொல்கிறார். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் இரவுக்கு 120 ரூபாய், மாதம் 3,600 ரூபாய் இப்படிப் போகிறது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் தனித்தனி ஸ்மார்ட் மீட்டர்கள் கேட்கிறோம். இரண்டு லிஃப்டுக்கும் ஒவ்வொன்று, சம்ப் மோட்டார், போர் மோட்டார், புளோயர், விளக்குகள் என மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளைக்கு 96 முறை, ஓடிய யூனிட்டைப் பதிவு செய்து சிம் கார்டு வழியாக அனுப்பும். புளோயர் டைமர்படி ஓடினால் வரைபடம் கோட்டை மதில் மாதிரி ஏறி இறங்கும். நேர்கோடாகப் போனால் டைமர் போய்விட்டது என்று அர்த்தம். மோட்டார் டேங்கை நிரப்ப எடுக்கும் நேரம் வாரா வாரம் நீண்டால், அது எரிந்துபோய் ரீவைண்டிங்குக்குப் போகும் முன்பே மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும், அனுமதி வாங்கிய மின்பளுவுக்கு கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் கட்டுகிறோம். பில்டர் வாங்கி வைத்த அளவு நமக்கு உண்மையில் தேவையா என்று சொல்ல, உச்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு வேண்டும்.

சிலர் கேட்டவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். இபியே ஸ்மார்ட் மீட்டர் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாமே என்றார்கள். தி.நகரில் வைத்திருக்கிறார்கள், நமக்கு எப்போது என்பது நம் முடிவு இல்லை. வந்தாலும் அது மொத்தக் கணக்கைத்தான் காட்டும், மோட்டாரையும் லிஃப்டையும் பிரிக்காது. "எங்க வீட்டு ஏசி எப்ப ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். தெரியாது. எந்த வீட்டின் இணைப்பையும் தொடப் போவதில்லை. இபி மீட்டரின் சீலையும் தொட மாட்டோம். அதற்குப் பிறகு வரும் நம்முடைய பேனலில்தான், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துவோம். முதலில் சோலார் போடலாமே என்பதும் நியாயமான கேள்விதான். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஆனால் பகலில் நமக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் எத்தனை கிலோவாட் போடுவது?

மீட்டர், வயரிங், கூலி, முதல் வருடச் சந்தா எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். சென்ற ஆண்டு மிச்சத்திலிருந்து சங்கம் 35,000 போடுகிறது. மீதி ஒரு லட்சத்தைத்தான் உங்களிடம் கேட்கிறோம். எல்லா வீடும் கொடுத்தால் ஆளுக்கு 1,400 ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஆனால் இது கட்டாய வசூல் இல்லை. முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாதவர்களை யாரும் கேட்க மாட்டோம். நம் சங்கத்துக்கு 80ஜி பதிவு இல்லாததால் வரிவிலக்கு கிடைக்காது, ரசீது கிடைக்கும். பணம் முழுசாகச் சேராவிட்டால் புளோயருக்கும் சம்ப் மோட்டாருக்கும் மட்டும் முதலில் பொருத்துவோம்.

விற்க வந்தவர் "முப்பது சதவீதம் குறையும் சார்" என்றார். எதிலிருந்து முப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால் நாங்கள் எந்தச் சதவீதமும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த 15 யூனிட் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தினால்கூட, மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட பணம் திரும்பும். வேறு கசிவும் சிக்கினால் இன்னும் சீக்கிரம். பதிவாகும் கணக்கு முழுவதையும் எக்செல்லில் நாமே இறக்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனத்திடம்தான் வாங்குவோம்.

பணத்தைவிட முக்கியமாக ஒன்று வேண்டும். மீட்டர் காட்டும், ஆனால் போய் சுவிட்சை அணைக்காது. வாரத்துக்கு அரை மணி நேரம் வரைபடத்தைப் பார்த்து, சந்தேகம் வந்தால் பம்ப் ரூம்வரை இறங்கிப் போய்ப் பார்க்க பிளாக்குக்கு ஒருவர் தேவை. எக்செல் தெரிந்த காலேஜ் பிள்ளைகள், ரிட்டயர்டு ஆனவர்கள், யாராக இருந்தாலும் சரி. ஆள் கிடைக்காவிட்டால் ஆர்டர் கொடுக்க மாட்டோம், வாங்கிய நன்கொடையைத் திருப்பித் தந்துவிடுவோம்.

வங்கிக் கணக்கு விவரம் இரண்டு பிளாக்கின் நோட்டீஸ் போர்டிலும் இருக்கிறது. பணம் அனுப்பும்போது வீட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். பொருளாளர் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பார். இரவு எடுத்த மீட்டர் போட்டோக்களும் நாங்கள் போட்ட கணக்கும் அங்கேயே இருக்கும், வந்து சரிபார்க்கலாம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு