ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையார் அனைவருக்கும் ஆலயத் திருப்பணிக் குழுவினரின் ஸ்தோத்திரங்கள். கிருஷ்ணகிரி நகரின் ஓரத்தில் நிற்கும் நம் ஆலயத்தின் பழுதுபார்ப்பு வேலை தேவ கிருபையால் முடிந்து, மறுபடியும் அதனுள் ஆராதனைக்குக் கூடிவருகிறோம். பொதுக்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றினோம் என்பதைச் சபையார் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிவிடலாம் என்பதே தொடக்கத்தில் பலருடைய எண்ணம். குழுவிலும் சிலர் அப்படித்தான் நினைத்தோம். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபை அனுப்பிய மிஷனரிகளான நேதர் ஐயரும் மோன் ஐயரும், அன்று சேலம் ஜில்லாவில் இருந்த கிருஷ்ணகிரிக்கு வந்து தொடங்கிய ஊழியத்தின் வழியில் வந்தது நம் சபை. 1904இல் நேதர் ஐயர் இதே ஊரில் பிளேக் நோய் கண்டு மரித்தார். ஊழியம் நின்றுவிடவில்லை, 1958இல் இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அமைக்கப்பட்டது. அந்தத் தொடர்ச்சியில், கூலிக்கும் வயல் வேலைக்கும் போய்வந்த நம் பெரியவர்கள் எழுப்பிய சுவர்கள் இவை. பழுது சுவரில் இல்லை, பின்னாளில் நாம் பூசிய பூச்சில்தான் இருக்கிறது என்று தெரிந்தபிறகு இடிக்க மனம் வரவில்லை.

பூச்சைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். முந்தைய ஒரு பழுதுபார்ப்பின்போது, நல்லெண்ணத்தோடுதான், அதன்மேல் சிமெண்ட் பூசப்பட்டது. சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்தது. பீடத்தின் இடப்புறச் சுவரில் சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது, உள்ளிருந்த செங்கல் ஈரத்தில் கறுத்திருந்ததைச் சபையாரில் பலர் நேரில் வந்து பார்த்தீர்கள். சிமெண்ட் முழுவதையும் நீக்கி, சுவரை ஆறவிட்டு, மீண்டும் சுண்ணாம்பே பூசியிருக்கிறோம்.

மேல்தளம்தான் எங்களை அதிகம் சோதித்தது. அது மெட்ராஸ் டெரஸ் தளம்: தேக்கு உத்திரங்களின்மேல் சன்னமான செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பில் பிடிப்பித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதிப்பது. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது அரிது. அப்படி ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து அழைத்துவந்தபின், சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவைக்கவும், கடுக்காய் ஊறல் நீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கவும் நம் வாலிபர்கள் அவரிடமே கற்றுக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் முதலில் போட்ட பகுதி வேகமாகக் காய்ந்து வெடித்துவிட்டது. ஈரச்சாக்கு மூடாமல் விட்டது எங்கள் கவனக்குறைவே. அந்தப் பகுதியைப் பெயர்த்து மறுபடியும் போட நேர்ந்ததற்குச் சபையாரின் மன்னிப்பைக் கோருகிறோம். அதற்குப்பின் பெண்கள் ஐக்கியத்தார் முறைவைத்துக் காலையும் மாலையும் சாக்கை நனைத்துக் காத்தார்கள். தளம் இந்த மழையில் ஒழுகவில்லை.

நிதியைப் பொறுத்தவரை, வரவு செலவுத் தாள் ரசீதுகளுடன் பொருளாளரிடம் இருக்கிறது; யாரும் கேட்டுப் பார்க்கலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மாம்பழக் கூடைகளும் புளியும் நல்ல விலைக்குப் போயின. சமைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்து வாராவாரம் கொண்டுவந்த கைப்பிடி அரிசியோடு கைப்பிடிக் கேழ்வரகும் சேர்ந்ததை இங்கே தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். அன்றாடக் கூலியில் உலை வைக்கும் வீடுகளிலிருந்து வந்தது அது.

கொடுத்தவர் பெயரைப் பெஞ்சிலும் மின்விசிறியிலும் டியூப்லைட்டிலும் எழுத வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. குழு அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைகளில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்ததும், திருவிருந்தில் யார் முன், யார் பின் என்று சாதி பார்த்ததும் நடந்த வரலாறு. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையாரே எதிர்த்து நின்றார்கள். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணும் சபையில், இது இன்னாருடைய பெஞ்சு என்று ஆகிவிட்டால் பழைய வழக்கம் வேறு வாசல் வழியாக உள்ளே வரும் என்று அஞ்சினோம். மனம் வருந்தியவர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வாசற்படியை நம் பகுதிக் கருங்கல்லிலேயே மாற்றி, பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் அமைத்திருக்கிறோம். திறந்த முதல் ஞாயிறன்று, படியேற முடியாமல் சில வருடங்களாக வாசல் வேப்பமரத்தடியில் அமர்ந்தே பிரசங்கம் கேட்டுவந்த மூத்த தாயார் ஒருவர் அதன் வழியே உள்ளே வந்து, பீடத்தண்டை வந்து திருவிருந்தில் பங்குபெற்றார்.

வடபுற வடிகால் வேலையும் மணிக்கூண்டின் வர்ணமும் இன்னும் பாக்கி. மீந்த சுண்ணாம்பை ஆலயத்தின் பின்புறக் குழியில் தண்ணீருக்கு அடியில் வைத்திருக்கிறோம். நாள்பட நாள்பட அது கெடாமல் மென்மையாகும். இனி சுவரில் எங்கே விரிசல் கண்டாலும் சிமெண்டைத் தொடாமல், அந்தக் குழியிலிருந்து எடுத்துப் பூசும்படி, அடுத்து வரும் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம். குழி மூடியின் சாவி உபதேசியார் ஐயாவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆலயத் திருப்பணிக் குழுவினர்